மூன்றடி தள்ளி நிற்கவும்

அனுப்புநர்: உன் அப்பா, செயலாளர், சிற்றுருவ ரயில் கழகம், நூலக மேல்மாடி.
பெறுநர்: என் மகள்.
பொருள்: கழகத்துக்கு இளைய உறுப்பினர் சேர்த்தல் – உன் ஒத்துழைப்பு கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1. நூலகத்திலிருந்து வந்த அறிவிப்பு. 2. சென்ற ஞாயிறு தொலைபேசியில் "அப்பாகிட்ட குடும்மா" என்று நீ கேட்காதது.

அன்புள்ள மகளுக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அம்மாவும் நலம். நீ நலமென்று அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் நீங்கள் இருவரும் பேசும் முக்கால் மணி நேரத்தில் என் பங்குக்கு வருவது "நல்லா இருக்கீங்களாப்பா", "இருக்கேம்மா" என்ற இரண்டு வரிதான். போன ஞாயிறு அதுவும் வரவில்லை. வரவில்லையே என்று குறை சொல்லவில்லை, பார்வையில் குறித்துவைத்தேன், அவ்வளவுதான். மேலே பொருள், பார்வை என்றெல்லாம் போட்டிருப்பதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு உன் அம்மா, "மகளுக்கு லெட்டர் எழுதுறீங்களா, இல்ல குழாய் கனெக்‌ஷனைக் கட் பண்ண நோட்டீஸ் அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு அது வாரியத்துப் பழக்கம்.

முதலில் பார்வை ஒன்று. இந்த மாதம் மூன்றாம் தேதி நான் கழகத்தைத் திறக்கப் போனபோது கதவுக்கு அடியில் ஓர் உறை கிடந்தது. பிரித்தேன். தங்கள் கழகத்தில் நெடுங்காலமாகப் புதியவர் எவரும் சேராத காரணத்தால், மாத முடிவுக்குள் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட மூவரையாவது சேர்க்காவிட்டால் அறை உடற்பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கப்படும் என்று நூலகர் கையெழுத்துப் போட்டிருந்தார். கழகத்தில் இப்போது இருப்பது ஆறு பேர். வயதில் இளையவரை நாங்கள் சின்னவர் என்றுதான் கூப்பிடுகிறோம், அவருக்கு அறுபத்தொன்று. தலைவர் உனக்குத் தெரிந்த அதே பல் டாக்டர். இப்போது அவருக்கே பல் இல்லை. கைகாட்டிகளுக்குக் கம்பி இழுத்த எலெக்ட்ரீஷியனை அன்றைக்குப் போலவே இன்றைக்கும் சிக்னல் என்கிறோம். மற்ற இருவருக்கும் முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை; கீழே வாசிப்பறையில் உட்கார்ந்தபடியே கூட்டத்தில் கலந்துகொண்டதாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தப் படையை வைத்துக்கொண்டு நாலு வாரத்துக்குள் மூன்று இளைஞர்களைப் பிடிக்க வேண்டும்.

சுவரொட்டி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "இளைஞர்களே, வருக" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே முக்கால் தாள் காலியாகக் கிடந்தது. காலியிடம் விட்டுக் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று காலணி, தின்பண்டம், கைபேசி, உரத்த பேச்சு, ஈரக் குடை, கைக்குட்டை இல்லாத தும்மல், குட்டி ரயில்கள் ஓடும் மேசைமேல் முழங்கை ஊன்றுதல் ஆகியவை அனுமதிக்கப்படமாட்டா என்பதையும், முதலாண்டில் புதியவர்கள் பஞ்சு சுற்றிய குச்சியால் தண்டவாளம் துடைக்க மட்டுமே தகுதியுடையவர்கள் என்பதையும் சேர்த்தேன். ஒரு வாரம் ஒட்டிக் கிடந்தது. வந்தது ஒரே ஆள், அளவுநாடாவோடு வந்தார். "அஞ்சாம் நம்பர் ரூம் இதானே சார்?" என்று கேட்டார். உடற்பயிற்சி வாத்தியார். செத்த வீட்டில் மறுநாளே வாடகைக்குக் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். "மாசக் கடைசி வரைக்கும் இது எங்க ரூம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அடுத்ததாகப் பொதுமக்கள் பார்வை நாள் வைத்தோம். சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் நூலகத்தில் அனுமதி கிடைத்தது. நம்பமாட்டாய், பதினொரு பேர் வந்தார்கள், அத்தனை பேரும் இளவயது. தலைவர் வரவேற்புரை சொன்னார். அதற்குப் பிறகுதான் சிக்னல் என் காதருகே வந்து, "இப்ப வண்டி இல்லையே" என்றார். எங்கள் மேசையில் ரயில்கள் நான் தயாரித்த கால அட்டவணைப்படிதான் ஓடும், நீ பார்த்திருக்கிறாய், ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகாது. அந்த அட்டவணையில் இரண்டு ஐம்பதிலிருந்து நான்கு பத்து வரை பாதைப் பராமரிப்பு நேரம். வண்டி கிடையாது. மாற்றலாமே என்று நீ கேட்பாய். அட்டவணையைத் திருத்தப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், விதி ஆறு, அதுவும் நான் எழுதியதுதான். ஆகவே பதினொரு இளைஞர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடாத ரயிலைப் பார்த்தார்கள். "அங்கிள், இது ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார். "ஓடும். நாலு பத்துக்கு." மூன்றரைக்கு ஐந்து பேர் போய்விட்டார்கள். நாலு மணிக்கு மூன்று பேர் மீதி. நாலு பத்துக்குப் பயணிகள் வண்டி மலையடி நிலையத்திலிருந்து புறப்பட்டது, எனக்கே உடம்பு சிலிர்த்தது; இரண்டு அடி ஓடிச் சுரங்கத்துக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. "என்னாச்சு?" என்று கேட்டார்கள். சிவப்பு விளக்கு விழுந்திருக்கிறது, எதிரே சரக்கு வண்டி வரவேண்டும் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். "அந்தச் சரக்கு வண்டியையும் நீங்கதானே சார் ஓட்டுறீங்க?" "ஆமா, நான்தான்." "அப்ப ஓட்டுங்களேன்." "அது நாலு இருபத்தஞ்சுக்கு." அந்த மூவரில் இரண்டு பேர் சுரங்கத்தின் வாயை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

மூன்றாவது ஆள் மட்டும் அசையவே இல்லை. ஆகா, ரசனை உள்ள பெண் என்று நான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்தாறு வயது, ராத்திரி டியூட்டியும் அதோடு சேர்த்துக் காலை டியூட்டியும் முடித்து நேரே வந்தவள். ஐந்து மணிக்கு எழுப்பினோம். "மன்னிச்சுக்கோங்க சார். ரெண்டு மணி நேரமா என்னை யாரும் ஒண்ணுமே கேக்கல. இந்த ஊர்ல இப்படி ஒரு இடம் இருக்கறதே எனக்குத் தெரியாது. மறுபடி வரலாமா?" என்றாள். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். தூங்குவதற்காக ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பது முறையா என்று சின்னவர் கேட்டார். தலைவர், "நம்ம கூட்டத்துல தூங்காதவர் யாருய்யா இருக்கார்? சேத்துக்கோங்க" என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது அவள் வாரம் மூன்று நாள் வருகிறாள். பாலத்துப் பக்கம் நாற்காலி அவளுக்கு. அவள் தூங்குகிற நேரத்தில் சரக்கு வண்டியை மெதுவாக ஓட்டுகிறோம்.

உடற்பயிற்சி வாத்தியார் மறுபடியும் நாடாவோடு வந்தார். சுவரை அளந்தவர் மேசைப் பக்கம் திரும்பி, சும்மா இருக்கமாட்டாமல் நாடாவை எங்கள் நிலையத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "சார், பிளாட்ஃபாரத்தை விட வண்டி நீளமா இருக்கு. கடைசிப் பெட்டில இருக்கறவங்க எப்படி எறங்குவாங்க?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக அந்த வண்டி அந்த நிலையத்தில் நாளுக்கு நாலு தடவை நிற்கிறது, எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. சிக்னல் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வாத்தியார் அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வந்து நடைமேடையை நீட்ட ஆரம்பித்தார். வயது முப்பத்து மூன்று. நீங்கள் உறுப்பினரானால் அறை உங்களுக்குக் கிடைக்காதே என்று நேர்மையாக எடுத்துச் சொன்னேன். "அத அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல அந்தக் கடைசிப் பெட்டி ஜனங்கள எறக்கிவிடுவோம்" என்றார். ஆக இரண்டு பேர். இன்னும் ஒருவர் வேண்டும், மாதம் முடிய ஒன்பது நாள்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

போன வாரக் கூட்டத்தில் சிக்னல், "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இருபத்தொன்பது என்றேன். "என்ன வேலை பாக்குது?" இத்தனை வருஷமாக நான் அவர்களிடம் போக்குவரத்துத் துறை என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு என்னவோ வாய்க்கு வந்துவிட்டது: "ரயில் ஓட்டுறா." நிஜ ரயிலா என்று கேட்டார்கள். எட்டுப் பெட்டி, காலை நேரத்தில் ஆயிரத்தைந்நூறு பேர் என்றேன். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி. ஆனா இந்த அளவுல அனுபவம் இருக்கா?" என்றார். முதலாண்டு துடைப்பு வேலையிலிருந்து உனக்கு விலக்கு அளிக்கலாமா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் சின்னவர், "பழைய பதிவு ஒண்ணு இருக்கே" என்று இருபது வருஷத்துக்கு முந்தைய நடவடிக்கைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்து வாசித்தார். செயலாளரின் மகள், வயது ஒன்பது, கவனக்குறைவாக ஓட்டியதால் பச்சை இன்ஜின் மூன்றாம் கிளைப் பாதையின் முனையில் மேசையிலிருந்து கீழே விழுந்து சேதமடைந்தது. இனி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். விதி பதினான்கு. முத்து முத்தான கையெழுத்து. என்னுடையது.

அம்மாடி, அந்தப் பாதையின் முனையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கும், வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அதில் மோதி நின்றுவிடும், விழாது. அன்று காலையில் அதன் திருகாணி ஆடுகிறதே என்று நான்தான் கழற்றினேன். அப்புறம் மாட்டலாமென்று சட்டைப் பையில் போட்டேன். மறந்துவிட்டேன். சாயங்காலம் நீ ஆசையாகக் குமிழைத் திருப்பினாய், வண்டி போயிற்று, விழுந்தது. கட்டையைக் காணோமே, வண்டி அதையும் இடித்துக்கொண்டு விழுந்திருக்கும் என்று சிக்னல் சொன்னார். எல்லோரும் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். நானும் குனிந்தேன். குனிந்தபோது பையிலிருந்து ஏதோ நெஞ்சில் குத்தியது. என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். தலைவர் அந்த இன்ஜினுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவர், அப்போதுதான் நான் செயலாளராகி ஒரு மாதம். வாய் வரவில்லை. என் பையில் இருந்த பொருளை நானும் அவர்களோடு சேர்ந்து ஒரு மணி நேரம் தேடினேன். நீ என் பக்கத்தில் முட்டி போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே, "நான் மெதுவாத்தாம்பா ஓட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே தேடினாய். ஆமாம், நீ மெதுவாகத்தான் ஓட்டினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊரெல்லாம் சொல்வதை நான் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் தரையில் மஞ்சள் கோடு போட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு நீ அந்தப் படி ஏறவில்லை. "எனக்கு அதுல இன்ட்ரஸ்ட் போயிடுச்சுப்பா" என்றாய். ஒன்பது வயதில் என்னைச் சங்கடப்படுத்தாமல் பேச உனக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் போன வாரம் எழுந்து நின்று கூட்டத்தில் சொன்னேன். தலைவர் பச்சை இன்ஜினைக் கையில் எடுத்து, பல்லுக்குப் போடும் சிமெண்டால் தான் ஒட்டிய அதன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். சிக்னல், "அப்ப நான் அன்னிக்கு மேசைக்கு அடியில தலைய இடிச்சுக்கிட்டு மூணு தையல் போட்டேனே, அது?" என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். சத்தத்தில் நர்ஸ் விழித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எங்ககிட்ட எதுக்கு சார் சொல்லிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத் நாற்காலியில் திரும்பிச் சாய்ந்துகொண்டாள். முதலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசலாமா என்று கூடச் சின்னவர் கேட்கவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்தலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. கீழே இருந்த இருவரிடமும் வாத்தியார் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். "செயலாளரின் மகள், வயது ஒன்பது, கவனக்குறைவாக ஓட்டியதால்" என்பதை அடித்து, "முட்டுக்கட்டையைக் கழற்றி மறந்தது செயலாளர், மறைத்ததும் அவரே" என்று எழுதினேன். இந்தத் தடவை எழுத்து முத்தாக வரவில்லை.

நீ ஏன் ரயில் ஓட்டப் போனாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்ற பயம். போன வருஷம் கண் டாக்டரைப் பார்க்க என்று சொல்லி உன் நகரத்துக்கு வந்தேனே, கண்ணுக்கு ஒன்றுமில்லை. உன் வண்டி எது என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முதல் பெட்டியில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு குலுக்கல் இல்லை. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். பாதை முடிகிற இடத்தில் பெரிய முட்டுக்கட்டை, அதற்குச் சரியாக மூன்றடி தள்ளி வண்டி நின்றிருந்தது. நீ ஓட்டுநர் அறையைப் பூட்டிக்கொண்டு மறுபக்கம் நடந்து போனாய். கூப்பிடலாமென்று வாயெடுத்தேன், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

ஆகவே, மேற்கண்ட சூழ்நிலையில், கழகத்தின் இருப்பிடத்தைக் காக்கும் பொருட்டு மூன்றாவது இளைய உறுப்பினராக நீ சேர்ந்து உதவ வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். துடைப்பு வேலை கிடையாது. மஞ்சள் கோட்டைச் சின்னவர் மண்டியிட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார். முப்பதாம் தேதிக்குள் ஒரு நாள் விடுப்பு எடுத்து வந்து கையெழுத்துப் போட்டால் போதும், உடனே திரும்பிவிடலாம், நான் தொந்தரவு செய்யமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் குறைக்காதே. எந்நாளும் உனக்குப் பச்சை விளக்கே விழட்டும். அம்மா தன் ஆசியைத் தனியாக ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(செயலாளர்)

இணைப்பு: முட்டுக்கட்டை ஒன்று, திருகாணி இரண்டு. இருபது வருஷமாக என் பழைய கண்ணாடிக் கூட்டில் இருந்தவை.

பி.கு: உறையை ஒட்டும் முன் நூலகரைப் போய்ப் பார்த்தேன், மூன்று பேர் ஏற்பாடாகிவிடும் என்று தெரிவிப்பதற்காக. அவர் அறிவிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்களுக்கு இல்ல, எதிர் ரூமுக்கு. அஞ்சாம் நம்பர், தபால்தலைக் கழகம். மேலயே போட்டிருக்கே" என்றார். போட்டுத்தான் இருந்தது. வாத்தியாரும் முதல் நாளே அஞ்சாம் நம்பரைத்தான் கேட்டார், நான்தான் கவனிக்கவில்லை. கடிதம் வந்தால் முதலில் முகவரியைப் பார், பிறகு விஷயத்தைப் பார் என்று முப்பத்தொரு வருஷம் இளநிலை எழுத்தர்களைக் கடிந்துகொண்டவன் நான். "உங்க மேசைய வெளிய எடுக்கணும்னா சுவர இடிக்கணும் சார். அதனால உங்கள யாரும் கேக்கப் போறதில்ல" என்றும் சொன்னார். எதிர் அறைக்காரர்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நர்ஸ் அங்கேயும் போய்த் தூங்கச் சம்மதித்திருக்கிறாள். எனவே இக்கடிதத்தின் பொருளும், பார்வை ஒன்றும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன. உறுப்பினர் யாரும் தேவையில்லை, முப்பதாம் தேதி என்ற கெடுவும் இல்லை, உன்னை வரச் சொல்ல இனி என் கையில் ஒரு காரணமும் இல்லை. பார்வை இரண்டு மட்டும் நிலுவையில் இருக்கிறது. மூன்றாம் கிளைப் பாதையை, பழுது என்று சொல்லி, இருபது வருஷமாக அட்டவணையில் மூடியே வைத்திருக்கிறேன். கட்டை இப்போது உன்னிடம் இருக்கிறது. என்றைக்காவது எடுத்துக்கொண்டு வாம்மா.